பாட்டி மேல மார்ஷ்மெல்லோ வாசனை

போன மாதம் ரசப்பொடி வறுப்பதைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒன்று மனசுக்குள்ளேயே நின்றுவிட்டது. கனடாவிலிருந்து ஒரு வாசகி. "பொடி நல்லா வந்துச்சு. ஆனா மறுநாள் ஆபீஸ்ல என் கோட்டை நானே மோந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். இந்த வாசனை போறதுக்கு ஒரு வழி சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தார்.

வழி ரொம்ப சுலபம். தாளிக்கும் முன்னால் கோட்டுகளைப் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா, இல்லை வடிகட்டித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். நான் குடியிருந்த அபார்ட்மென்ட் எல்லாமே இரண்டாவது வகைதான். அவ்வளவுதான் பதில். ஆனால் அந்த "நானே மோந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்" இருக்கிறதே, அதற்குத்தான் இந்த மாதப் பத்தி.

நான் எம்.எஸ். படிக்க வந்தபோது நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். கோட் மாட்டுகிற கொக்கி அடுப்புக்கு நேர் எதிரே. ஒருநாள் லேபில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். பிப்ரவரி மாதம், வெளியே மைனஸ் 10. அது என்னாலயா, இல்லை ஹீட்டர் அதிகமாக எரிந்ததாலயா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அவனிடம் கேட்கவும் இல்லை. அன்றைக்குச் சாயந்திரமே போய் 6 டாலருக்கு ஒரு பாடி ஸ்ப்ரே வாங்கினேன். பச்சை டப்பா. அடித்தால் பத்தடி தூரத்துக்கு ஆளே வரமாட்டான். அதற்கப்புறம் பத்து வருஷம், டப்பாக்கள் மாறின, விலை கொஞ்சம் ஏறியது, காரணம் மட்டும் மாறவே இல்லை. என் மேல் வாசனை வரக்கூடாது என்பதற்காக வாசனை போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நல்ல சந்தன சென்ட் தேடப் போய் இந்த உலகத்துக்குள் விழுந்தேன். பெரிய பாட்டிலை வாங்கிவிட்டு முழிக்க வேண்டாம், 1 மில்லி, 2 மில்லி என்று குட்டிக் குப்பிகளில் ஊற்றி விற்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆறு குப்பி வாங்கினேன். ஐந்து சந்தனம். ஆறாவது, சும்மா எண்ணிக்கைக்கு.

ஒரு ராத்திரி ஆன்-கால் டியூட்டி. இரண்டரை மணிக்கு எழுப்பிவிட்டார்கள். சர்வர் ஒன்று திரும்ப எழுந்திருக்க இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கைக்கு எட்டிய அந்த ஆறாவது குப்பியைத் திறந்து மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தேன்.

முதலில் வந்தது பூ. ஆனால் கடையில் விற்கும் பூ சென்ட் மாதிரி இல்லை. லேசான கசப்போடு, சவுக்காரம் மாதிரி ஒரு சுத்தம், அதற்குப் பின்னால் கனமாக ஒரு வெள்ளைப் பூ. பத்து நிமிஷத்தில் அந்தப் பூவுக்குள் தேன் இறங்கியது. சர்வர் எழுந்து, நான் டிக்கெட்டை மூடிவிட்டுப் படுக்கும்போது இனிப்பு வந்திருந்தது. மாவு தூவின மாதிரி மெத்தென்ற இனிப்பு. காலையில் எழுந்து மணிக்கட்டை மோந்தால் வெனிலா. சர்க்கரைப் பாகு சிவக்க ஆரம்பிக்கும்போது ஒரு வாசனை வருமே, அதுவும் ஓரத்தில்.

காலையில் என் மனைவி கையைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு, "இது லேடீஸ் சென்ட்ப்பா" என்றாள். பெட்டியைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் போடவில்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை, பெரும்பாலும் பெண்கள் வாங்குவதுதான்.

பெயர் 'லவ், டோன்ட் பி ஷை'. கூச்சப்படாதே என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். கிலியன் என்கிற பிரெஞ்சு வாசனை நிறுவனம் 2007இல் கொண்டுவந்தது. நிறுவனர் கிலியன் ஹென்னஸி, கோன்யாக் பிராந்தி செய்கிற அதே ஹென்னஸி குடும்பம். இதைக் கலந்தவர் காலிஸ் பெக்கர் என்கிற பெண்மணி. டியோரின் 'ஜாடோர்' தெரியாத ஏர்போர்ட் கடை கிடையாதே, 1999இல் வந்த அதுவும் இவர் கலவைதான். பாடகி ரிஹானா போடுவது இதுதான் என்று பத்திரிகைகள் எழுதி எழுதி இதன் விலையை ஏற்றிவிட்டன என்பது என் தனிப்பட்ட சந்தேகம்.

இந்த மாதிரி சென்ட்களை 'நீஷ்' என்று தனி வகையாகச் சொல்கிறார்கள். சினிமா நட்சத்திரத்தை வைத்து விளம்பரம் செய்யாமல், எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று மெனக்கெடாமல், கொஞ்சக் கடைகளில் மட்டும் விற்பது. அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது பல சின்ன வீடுகளைப் பெரிய கம்பெனிகள் வாங்கிவிட்டன. கிலியனையே 2016இல் எஸ்டே லாடர் வாங்கிவிட்டது. ஆகவே நீஷ் என்றால் ஏதோ ஒரு தாத்தா நிலவறையில் உட்கார்ந்து பூவைக் கசக்குகிறார் என்று நினைத்துக்கொண்டு காசைக் கொடுக்காதீர்கள். 50 மில்லி 250 டாலருக்கு மேல். அந்தக் காசில் பெரும்பகுதி பாட்டிலுக்கும் பெட்டிக்கும் பெயருக்கும்தான் போகும் என்பது என் கணக்கு. தெரிந்தும் நான் வாங்கினேன். மனைவியிடம் விலையைப் பாதியாகச் சொன்னேன். இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை.

இதில் வருகிற வெள்ளைப் பூ ஆரஞ்சுப் பூ. சாப்பிடுகிற இனிப்பு ஆரஞ்சு இல்லை, கசப்பு ஆரஞ்சு, நம் நாரத்தைக்கு நெருங்கின சொந்தம். அந்தப் பூவை ஆவியில் வடித்தால் வரும் எண்ணெய்க்கு நெரோலி என்று பெயர். ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ எண்ணெய் தேறும். துனிசியாவில் நாபூல் என்கிற ஊர் இதற்குப் பெயர்போனது. மார்ஷ்மெல்லோவும் வெனிலாவும் அதனோடு எப்படிச் சேர்ந்தன என்று யோசித்தால், பழைய பிரெஞ்சு மார்ஷ்மெல்லோவில் ஆரஞ்சுப் பூ நீர் சேர்ப்பதுதான் வழக்கம். நாம் இனிப்பில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. ஒரு பிரெஞ்சுக்காரருக்கு இது சின்ன வயசு மிட்டாய்க் கடையாக இருக்கும். எனக்கு வேறு ஏதோ ஞாபகம் வந்தது, என்னவென்று பிடிபடவில்லை.

பிடித்துச் சொன்னது அம்மா.

போன குளிர்காலத்தில் அம்மா மதுரையிலிருந்து எங்களோடு ஐந்து மாதம் இருக்க சிகாகோ வந்திருந்தாங்க. வந்த இரண்டாவது வாரம். நான் ஆபீஸுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா காபியோடு பக்கத்தில் வந்து நின்று மூக்கை லேசாகத் தூக்கினாங்க.

"என்னடா இது, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு?"

அதேதான். மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனமும், உள்ளே நுழைந்தால் ஐம்பது பெண்கள் தலையில் மல்லி, பின்பக்கத்திலிருந்து கேசரி. ஒரு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தை. பாரிஸ்காரர்கள் மெனக்கெட்டுச் செய்து 250 டாலருக்கு விற்பதை அம்மா ஒரே மூச்சில் முகூர்த்த நேரத்து மண்டபத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாங்க.

"இதுல மல்லி இருக்கா?" என்று கேட்டாங்க.

மல்லி வகையும் ஓரத்தில் கொஞ்சம் சொல்கிறார்கள், ஆனால் முக்கியமாக இருப்பது ஆரஞ்சுப் பூ என்றேன். நம்பவில்லை. "போடா, எனக்கா தெரியாது" என்றாங்க.

அப்புறம் படித்துப் பார்த்தால் அம்மா மூக்கு சரிதான். ஆரஞ்சுப் பூவிலும் நம் குண்டுமல்லியிலும் சில பொருட்கள் பொது. இண்டோல் ஒன்று. தனியாக, அடர்த்தியாக மோந்தால் நாற்றம்தான், பூவுக்குள் துளியாக இருக்கும்போது அந்தக் கனத்தைக் கொடுப்பது அதுவே. ராத்திரி தலையில் வைத்த மல்லி மறுநாள் காலையில் ஒரு மாதிரி வாடை அடிக்குமே, அதில் தெரிவது அந்த இண்டோல். இன்னொன்று மெத்தில் ஆந்த்ரனிலேட். இதை உங்கள் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் ஊதா நிறத்தில் ஒரு கிரேப் ஜூஸ், கிரேப் மிட்டாய் எல்லாம் விற்கிறதே, நம் ஊர் திராட்சைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல், அந்த வாசனை இதுதான். அடுத்த தடவை ஊரில் மல்லிச் சரத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், ஓர் ஓரத்தில் அந்த ஜூஸ் தெரியும். ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் விடாது. அதற்காக என்னைத் திட்டக்கூடாது.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த கதை எல்லாருக்கும் தெரியும். தலைக்கும் சாமிக்கும் போக மீதி எங்கே போகிறது என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் மல்லியிலிருந்து சாறு எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. காலையில் மொட்டாகப் பறித்துவந்ததைப் பரப்பி வைத்து, சாயந்திரத்துக்கு மேல் மலர்ந்து வாசனை ஏறும்வரை காத்திருந்து, ராத்திரியில்தான் கரைப்பானில் போடுவார்கள். முதலில் மெழுகு மாதிரி ஒன்று வரும், அதை ஆல்கஹாலில் கழுவினால் சாறு. உலகத்துப் பெரிய சென்ட் கம்பெனிகளுக்கு அது போகிறது. அதனால் பாரிஸில் மல்லி வாசனை என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை, பாதி நம் வீட்டுப் பெண் அங்கே வாழப்போன மாதிரி.

வெனிலா பற்றிச் சொன்னபோதுதான் அம்மா சிரித்தாங்க. "அந்தக் கொடியா? அதுல ஒரு வாசனையும் இருக்காதேடா."

அம்மா சொன்னது பெரியப்பாவின் தோப்பை. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். 2000ஆம் வருஷம் ஹுடா என்றொரு புயல் மடகாஸ்கரை அடித்துப் போட்டது. உலகத்து வெனிலாவில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. விலை வானத்துக்குப் போனது. கேரளா, கர்நாடகா, நம் பொள்ளாச்சிப் பக்கம் எல்லாம் ஆளாளுக்கு வெனிலாக் கொடி நட்டார்கள். பெரியப்பாவும் நட்டார்.

ஒரு லீவுக்கு நாங்கள் போயிருந்தபோது பூ விட்டிருந்தது. வெளிறின மஞ்சள்பச்சைப் பூ. ஒரு பூ ஒரு காலைப்பொழுதுதான், மத்தியானத்துக்குள் வாடிவிடும். அதற்குள் கையால் மகரந்தம் சேர்த்தால் காய், இல்லையென்றால் உதிர்ந்துவிடும். பெரியம்மா, அம்மா, நான், அக்கா எல்லாரும் ஆளுக்கொரு ஈர்க்குச்சி எடுத்துக்கொண்டு காலையிலேயே இறங்குவோம். பூவின் உதட்டைக் கீறி, உள்ளே இருக்கும் சின்ன மடலை ஈர்க்குச்சியால் தூக்கி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. பெரியம்மாவுக்கு நொடியில் வரும். எனக்குப் பத்தில் ஆறு பழுதுதான்.

அப்போது எனக்குத் தெரியாது, அந்தக் குச்சி வித்தையைக் கண்டுபிடித்தது 12 வயசுப் பையன் என்று. 1841, ரீயூனியன் தீவு. எட்மண்ட் என்கிற அடிமைச் சிறுவன். மெக்சிகோவில் அந்தக் கொடிக்குத் தானாகக் காய் பிடித்தது, தீவுக்குக் கொண்டுவந்தால் பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. படித்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்ததை அந்தப் பையன் ஒரு குச்சியும் கட்டைவிரலுமாக முடித்துவிட்டான். இன்றைக்கும் உலகம் பூராவும் கிட்டத்தட்ட அதே முறைதான். 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அவருக்கு விடுதலையும் அல்பியஸ் என்கிற குடும்பப் பெயரும் கிடைத்தன, பணம் கிடைக்கவில்லை. 1880இல் ஏழையாகவே செத்துப்போனார். அடிமைகள் போன இடத்துக்குக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். இப்போதும் அந்தத் தீவில் தமிழ்க் கோவில்கள் உண்டு, தீமிதி உண்டு.

பூவிலிருந்து காய் முதிர ஒன்பது மாதம். அந்தப் பச்சைக் காய்க்கும் அம்மா சொன்ன மாதிரி வாசனையே இருக்காது. சுடுதண்ணீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்க வைத்து, வெயிலில் காட்டி, மறுபடி சுற்றி, மாதக்கணக்கில் ஆறப்போட வேண்டும். காய்க்குள் சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கும் வெனிலின் அப்போதுதான் பிரிந்து வெளியே வரும். பெரியப்பா அந்த வேலைக்கே போகவில்லை, பச்சைக் காயாகவே வியாபாரிக்குக் கொடுத்தார். முதல் வருஷம் நல்ல காசு. இரண்டாம் வருஷம் விலை விழுந்தது, அப்புறம் வியாபாரியே வரவில்லை. கொடிகளை வெட்டித் தென்னைக்கு உரமாகப் போட்டார். ஆக அம்மா வெனிலாப் பூவைத் தொட்டிருக்காங்க, காயைப் பறித்திருக்காங்க, வெனிலா எப்படி மணக்கும் என்பது ஐஸ்கிரீமோடு சரி.

அதுவும் பெரும்பாலும் கொடியில் காய்த்தது இல்லை. 1874இலேயே ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்று இரண்டு பேர் பைன் மரத்திலிருந்து எடுத்த பொருளை வைத்து வெனிலினைச் செய்துவிட்டார்கள். சென்ட் தொழில் அதை உடனே பிடித்துக்கொண்டது. கெர்லானின் 'ஜிக்கி', 1889இல் வந்தது, அதிலேயே செயற்கை வெனிலின் உண்டு. செயற்கை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். மற்ற வாசனைகள் ஓடிப்போன பிறகும் நின்று வீட்டைக் காப்பது அதுதான். பூவின் லேசான பொருட்கள் சீக்கிரம் ஆவியாகிவிடும், வெனிலின் கனம், மெதுவாகத்தான் கிளம்பும். அதனால்தான் இந்த சென்ட் காலையில் பூவாகவும் ராத்திரி பலகாரமாகவும் இருக்கிறது.

வெனிலினுக்கு ஒரு கெட்ட குணம், நாளாக ஆகப் பழுப்பாகும். வெள்ளைச் சட்டைக் காலரில் அடித்து ஒரு சட்டையை நான் பாழாக்கியிருக்கிறேன். உடம்பில்தான் போட வேண்டும். குளித்து, வாசனை இல்லாத க்ரீம் தடவி, சட்டைக்குள்ளே நெஞ்சில் ஒன்று, பிடரியில் ஒன்று. சிகாகோ குளிரில் காய்ந்த தோல் வாசனையைக் குடித்துவிடும், க்ரீம் இருந்தால் நிற்கும். கம்பளி மஃப்ளரில் ஒரு சொட்டு விட்டால் வாரம் பூராவும் இருக்கும். ஜூலையில் இதைத் தொடவே தொடாதீர்கள், வெயிலில் இனிப்பு ஒட்டும்.

இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பதைப் பட்டுத்தான் சொல்கிறேன். இருபது நிமிஷத்தில் நம் மூக்கு பழகிவிடும், நமக்கு வாசனை தெரியாது. போய்விட்டது போலிருக்கிறது என்று நான் ஒரு நாள் ஆபீஸில் இன்னும் மூன்று அடித்துக்கொண்டு மீட்டிங் ரூமுக்குள் போய்விட்டேன். ஜன்னல் இல்லாத அறை. கால் மணி நேரத்தில் டீமில் ஒரு பெண்மணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். மைக்ரேன். அப்புறம் தனியாக, ரொம்ப மரியாதையாக, "அது நீயா?" என்று கேட்டார். ஜன்னலைத் திறந்தவனிடம் நான் கேட்க முடியாமல் போனதை இந்த அம்மா என்னிடம் சுலபமாகக் கேட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். அவர் வரும் நாளில் நான் போடுவதில்லை. சில ஆபீஸ்களில் வாசனையே கூடாது என்று விதி இருக்கிறது, உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அம்மா கதைக்கு வருகிறேன்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மா ஸ்கூல் டீச்சராக இருந்தாங்க. வேலை முடிந்து வரும்போது தெருமுனைப் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்கி, ஒன்று சாமிக்கு, ஒன்று தலைக்கு. முப்பது வருஷப் பழக்கம். இப்போதும் பூக்காரம்மா வாசலில் நின்று குரல் கொடுக்கிறார். இப்போது ஒரு முழம் மட்டும், சாமிக்கு. ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது நான் பெரிய மனுஷன் மாதிரி, "வச்சுக்கோங்கம்மா, இப்பல்லாம் யார் பார்க்கிறா" என்றேன். "யார் பார்க்கிறாங்கன்னு இல்லடா. கை போகமாட்டேங்குது" என்றாங்க. அதற்கு மேல் நான் பேசவில்லை. அது சட்டம் போட்டவனோடு சண்டை பிடிக்கிற விஷயமா, அப்பாவைப் பற்றின விஷயமா என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கே இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

டிசம்பர் கடைசியில் கவனித்தேன். என் பாட்டிலில் அளவு குறைகிறது. நான் வாரத்துக்கு மூன்று நாள்தான் போடுகிறேன். மனைவிக்கு இந்த இனிப்பே ஆகாது. மகளுக்கு அலமாரி எட்டாது. எனக்கு உடனே விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை லெமான்ட் கோவிலுக்குக் கிளம்பினோம். வெளியே பனி. கார் கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஹீட்டர் போட்டு, நாலு பேரும் உள்ளே. அன்றைக்கு நான் எதுவும் போடவில்லை. இரண்டு சிக்னல் தாண்டினதும் கார் பூராவும் கல்யாண மண்டபம்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்த அம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாங்க, வெளியே பனியைத் தவிர எதுவும் இல்லை. பின்சீட்டிலிருந்து ஏழு வயசுக் குரல் மட்டும் கணீரென்று: "பாட்டி! உங்க மேல மார்ஷ்மெல்லோ வாசனை!"

"சோப்புடி" என்றாங்க அம்மா.

"எந்த சோப்பு? எனக்கும் வேணும்."

"தீர்ந்துபோச்சு."

கோவிலில் அம்மா அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தாங்க. ஷாலை இழுத்துப் போர்த்திக்கொள்கிற சாக்கில் இரண்டு தடவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதைப் பார்த்தேன். ஷாலில்தான் அடித்திருக்கணும். பார்க்காத மாதிரி பிரசாதக் கியூவுக்குப் போய்விட்டேன். இந்த சென்டின் குறிப்புப் பட்டியலில் கடைசியாக 'சிவெட்' என்று ஒன்று வரும். அது வேறொன்றும் இல்லை, நம் புனுகுதான். முன்பு புனுகுப் பூனையிடமிருந்து எடுத்தது, இப்போது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்வது. திருப்பதி பெருமாளுக்கே புனுகுத் தைலம் சாத்துகிறார்கள். அம்மா கேட்டிருந்தால் அதைச் சொல்லி நியாயப்படுத்தலாம் என்று மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, கையடக்கமான ஒரு 5 மில்லி ஸ்ப்ரே குப்பியில் ஊற்றி, ஜிப்லாக் கவரில் சுற்றி, கைப்பையில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே பெயர் எழுதவில்லை. காலையில் அம்மா மாத்திரை எடுக்கப் பையைத் திறந்தாங்க, மூடினாங்க. "இட்லிப் பொடி ஃப்ரீசர்ல இருக்கு" என்று மட்டும் சொன்னாங்க.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போயிருந்ததாகச் சொன்னாங்க. பிரகாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்து, "யாருங்க இவ்வளவு நல்ல மல்லி வச்சிருக்கிறது?" என்று கேட்டாங்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் திரும்பிப் பார்த்தேன்" என்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டப்பா முக்கால்வாசி காலி" என்றாங்க.

அடுத்த மாதம் நண்பன் ஒருவன் மதுரைக்குப் போகிறான். 10 மில்லியாக ஊற்றி வைத்திருக்கிறேன். செக்-இன் பெட்டியில், துணிக்கு நடுவில் வைக்கச் சொல்ல வேண்டும். மதுரை வெயிலுக்கு ஒரு சொட்டு போதும், ஜன்னலோரம் வைக்க வேண்டாம் என்பதை மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சோப்பைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொல்ல வேண்டும்.